தரையிறங்காத கப்பல்

கதை எழுதியது குராந்தா.
மாங்கனீசு ஏற்றி வரும் வண்டிகளுக்கு
எடைச்சீட்டுப் போடுகிறவள்.
சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் எழுதினாள்.
ஆகவே எங்கள் படத்தின் ஒவ்வொரு காட்சிக்கும்
முன்பக்கத்தில் ஓர் எடை உண்டு.
விண்கல் மோதுவது: நாற்பத்தொரு டன்.
காதல் காட்சி: வண்டி காலி.

விண்கலத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.
சியாத்துராவுக்குப் புது ரோப்கார் வந்தபின்
பழைய பெட்டிகளைச் சீந்துவாரில்லை.
துரு தின்றது போக மிச்சமிருந்த ஒன்று
பாறை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.
உள்ளே ஏறக் கூடாது என்று ஒரு பலகை.
பலகையைக் கழற்றித் திருப்பி
பொத்தான்கள் வரைந்துகொண்டோம்.

கேப்டன், மூர்மன். சுரங்கத்தில் இரவு ஷிப்ட்.
தலைக்கவசம், அவன் மனைவி லம்சிராவின்
அலுமினியச் சல்லடைச் சட்டி.
முதல் நாளே கீழே போட்டான்.
இடக்காதுக்கு மேலே ஒரு சொட்டை.
லம்சிரா ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.
படத்தில் பூமியிலிருந்து பேசும் குரல் அவளுடையது.
எனவே அந்த வாரம்
பூமி மௌனமாகிவிட்டதாகக் கதையை மாற்றினோம்.
பார்த்தவர்கள் அந்த இடத்தில்தான் அழுதார்களாம்.

கேமரா நான்.
என் கைபேசி லென்ஸில் ஒரு கீறல்;
எந்த விளக்கைக் காட்டினாலும் ஒரு வால் முளைக்கும்.
துடைப்பக் கட்டையில் கட்டி
ஜன்னலுக்கு வெளியே நீட்டினால்
பகலில் அடியில் கிடப்பது ஊர்.
இரவில் அதே ஊர்தான்,
ஆனால் வானம்.
எவளோ ஒருத்தி பாத்திரம் கழுவி முடித்து
ஒரு நட்சத்திரத்தை அணைத்துவிட்டுப் போவாள்.

கடைசிக் காட்சி, தரையிறங்குவது.
பனிக்காக ஒன்பது நாள் காத்திருந்து
பத்தாம் நாள் கோதுமை மாவைத் தூவினோம்.
மூர்மன் கைப்பிடியை இழுத்தான்.
"பூமியே, இதோ நாங்கள்" என்று தொடங்கினான்.
கைபேசி செத்தது.

மறுநாள் எடுக்க மாவில்லை.
அதற்கடுத்த நாள் நகராட்சி ஆட்கள் வந்து
கேஸ் கட்டரால் விண்கலத்தைத் துண்டு போட்டு
லாரியில் ஏற்றினார்கள்.
லாரி குராந்தாவின் மேடைக்குத்தான் வந்தது.
தொள்ளாயிரத்து எழுபது கிலோ
என்று எழுதிக் கொடுத்தாள்.
பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

இருந்ததை இருந்தபடி இணையத்தில் ஏற்றினோம்.
பதினேழு நிமிடம், முடிவில் கறுப்பு.
இருநூற்றுப் பன்னிரண்டு முறை பார்க்கப்பட்டது.
பாதி, மூர்மன்.

மே மாதத்தில் ஒரு படம் கண்ணில் பட்டது.
எங்கள் தலைப்பு, பக்கத்தில் இரண்டு என்று எண்.
எடுத்தவள் எல்வா சோக்கே.
சிலியின் வடக்கே, கலாமா,
செம்பு தோண்டுகிற ஊர்;
பஸ் பட்டறையில் டயர் மாற்றுகிறவளாம்.
அவர்களுக்கு மாவு தேவைப்படவில்லை,
வாசலைத் தாண்டினாலே செவ்வாய்.

எங்கள் கறுப்பில்தான் தொடங்குகிறது அது.
நான்கு விநாடி எங்கள் கறுப்பு.
பிறகு வெளிச்சம்; கிரேனில் கட்டிய தண்ணீர்த் தொட்டி
ஆடி ஆடி இறங்குகிறது.
மூடி திறந்து வெளியே வருவது ஒரு பெண்.
குள்ளம். மூர்மனின் சாயல் மருந்துக்கும் இல்லை.
கேப்டன் ஏன் இப்படி ஆனான் என்று யாரும் விளக்கவில்லை.
"அவ்வளவு தூரம் போனால்
ஆள் மாறத்தானே செய்வான்" என்றாள் குராந்தா.
அவள் நின்று ஏதோ சொல்கிறாள்.
எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.
மூர்மன் மட்டும் தலையாட்டினான்,
தான் பாதியில் விட்ட வாக்கியம்
முடிந்துவிட்டதைப் போல.

அப்போதுதான் லம்சிரா, "நிறுத்து" என்றாள்.
திரையை விரலால் பெரிதாக்கினாள்.
அவள் தலையிலும் சல்லடைச் சட்டி.
இடக்காதுக்கு மேலே
அதே இடத்தில் சொட்டை.
விழுந்ததால் வந்ததல்ல.
சுத்தியல் தடம், இரண்டு அடி,
முதல் அடி கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது.
எங்கள் மூர்மனை நிறுத்தி நிறுத்திப் பார்த்து
யாரோ அளந்து அடித்திருக்கிறார்கள்.

"புதுச் சட்டி" என்றாள் லம்சிரா.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்,
"ஐயோ, பளபளவென்று புதுச் சட்டி."